ரிக்கிடோசான்

ரிக்கிடோசான் (நவம்பர் 14, 1924 – டிசம்பர் 15, 1963) கொரியாவில் பிறந்து ஜப்பானில் புகழ்பெற்ற சுமோ வீரரும் தொழில்முறை மற்போர் வீரரும் ஆவார். இவரது இயற்பெயர் கிம் சின்-ராக். ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டில் இவரது பெயர் மொமொட்டா மிட்சுஹிரோ என்று இருந்தது. ஜப்பானில் தொழில்முறை மற்போரை வேரூன்றச் செய்தவர் என்பதால் இவர் அந்நாட்டில் அவ்விளையாட்டின் தந்தை என அழைக்கப்படுகிறார். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானியருக்கு, உருவில் பெரிய மேலைநாட்டு மல்லர்களை வீழ்த்திக் காட்டிய நாயகனாக இவர் விளங்கினார். ஆனால் இவர் பிறப்பால் ஜப்பானியர் அல்லர் என்னும் செய்தி இவரது வாழ்நாளில் பொதுமக்களிடமிருந்து மறைக்கப்பட்டே இருந்தது.

இளமை

ரிக்கிடோசான் இன்றைய வட கொரியாவில் உள்ள தென் ஹம்கியொங் மாகாணத்தில் பிறந்தார். 1910 முதல் கொரியா ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கொரியாவின் மரபுவழி மற்போரான சிரும் அப்பகுதியில் பரவலாக ஆடப்பட்டது. இவரது அண்ணனும் ஒரு சிரும் வீரரே. இளம் வயதிலேயே உடல்வலிமையால் கவனம் பெற்ற இவரை, சுமோ ஆர்வலரான ஜப்பானியர் ஒருவர் கண்டு ஜப்பானுக்கு அழைத்துவர ஏற்பாடு செய்தார். நாகசாகி மாகாணத்தின் ஓமுரா நகரைச் சேர்ந்த மொமொட்டா குடும்பத்தின் பெயரை இவர் பின்னர் ஏற்றுக்கொண்டார். ஓமுராவிலேயே பிறந்தவர் என்ற கதையும் இதனோடு சேர்த்துப் பரப்பப்பட்டது.

சுமோ வாழ்க்கை

1940 இல் டோக்கியோவில் உள்ள நிஷோனோசெக்கி சுமோ பயிற்சிக்கூடத்தின் வழியாக இவர் களமிறங்கினார். அங்குதான் ரிக்கிடோசான் என்னும் களப்பெயர் இவருக்கு வழங்கப்பட்டது. அப்பெயரில் உள்ள மூன்று எழுத்துகளும் முறையே வலிமை, வழி, மலை என்னும் பொருளைத் தருவன. போர்க்காலத்தின் நெருக்கடியிலும் படிப்படியாக உயர்ந்து, 1946 இல் சுமோவின் மிக உயர்ந்த பிரிவான மக்குவுச்சிக்கு வந்து சேர்ந்தார். 1947 சூன் போட்டித் தொடரில் 9 வெற்றி, 1 தோல்வி பெற்று முதலிடத்துக்கான கூடுதல் ஆட்டம் வரை சென்றார். அதில் யொக்கொசுனா எனப்படும் மிக உயர்ந்த தகுதியைப் பெற்றிருந்த ஹகுரோயாமாவிடம் தோற்றார். 1949 இல் மூன்றாம் உயர்தரமான செக்கிவாக்கே தகுதியை அடைந்தார்.

1950 செப்டம்பரில் தம் சுமோக் குடுமியைத் தாமே அறுத்துக்கொண்டு சுமோவிலிருந்து விலகினார். குடுமியை அறுக்கும் சடங்கு பலர் முன்னிலையில் நடைபெறுவதே சுமோ மரபு. எனவே இச்செயல் கடும் சினத்தின் வெளிப்பாடாகவே கருதப்பட்டது. பயிற்சிக்கூடத் தலைவருடன் ஏற்பட்ட பணத் தகராறு, நுரையீரல் ஒட்டுண்ணி நோயால் ஏற்பட்ட உடல்நலக் குறைவு, கொரியர் என்பதால் மேலும் உயர முடியாது என்ற எண்ணம் ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அதன்பின் சிறிது காலம் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பணியாற்றினார்.

தொழில்முறை மற்போருக்கு வருகை

1951 இல் அமெரிக்க மல்லர் பாபி பிரன்சு தலைமையில் ஒரு குழு ஜப்பான் வந்தது. அப்போது ஜப்பான் நேச நாட்டுப் படைகளின் ஆட்சியில் இருந்தது. இக்குழுவிடம் பயிற்சி பெற்ற ரிக்கிடோசான், அக்டோபர் 28, 1951 அன்று பிரன்சுடன் தம் முதல் ஆட்டத்தில் மோதினார். 10 நிமிடங்கள் நடைபெற்ற அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்தது. 1952 இல் ஹவாய் சென்று, அங்கு வாழ்ந்த ஜப்பானிய வழித்தோன்றலான ஓக்கி ஷிக்கினாவிடம் பயிற்சி பெற்றார். பின்னர் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஆடினார்.

தொழில்முறை மற்போர் பிற விளையாட்டுகளிலிருந்து வேறுபட்டது. இதில் வெற்றி தோல்வி பெரும்பாலும் முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. மல்லர்கள் தம் உடல்திறனாலும் நடிப்பாலும் அம்முடிவை நோக்கிப் பார்வையாளரை இட்டுச் செல்வர். விழுவதும் அடிபடுவதும் உண்மையாகவே உடலை வருத்துவனவாகும். இதன் வணிக முறைகளையும் மேடை நுட்பங்களையும் அமெரிக்காவில் கற்றுத் திரும்பிய ரிக்கிடோசான், 1953 இல் ஜப்பான் மற்போர்ச் சங்கத்தைத் தொடங்கினார்.

சார்ப்பு சகோதரர்களும் தொலைக்காட்சியும்

ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு பிப்ரவரி 1953 இல் தொடங்கியது. முதல் தனியார் நிலையமான நிப்பான் தொலைக்காட்சி அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் பணியைத் தொடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டியின் விலை எளிய மக்களுக்கு எட்டாததாக இருந்தமையால், அந்நிலையம் தொடர்வண்டி நிலையங்களின் முன்னும் கடைவீதிகளிலும் பெட்டிகளை நிறுவியது.

பிப்ரவரி 19, 1954 அன்று டோக்கியோவின் குராமே கொக்குகிகான் அரங்கில், உலக இரட்டையர் பட்டம் பெற்றிருந்த கனடாவைச் சேர்ந்த பென் சார்ப்பு, மைக் சார்ப்பு சகோதரர்களை ரிக்கிடோசானும் யூடோ வீரர் மசாஹிக்கோ கிமுராவும் எதிர்கொண்டனர். பெரிய உருவம் கொண்ட வெள்ளையர்களைத் தம் விரித்த கையின் விளிம்பால் மார்பிலும் கழுத்திலும் வெட்டுவதுபோல் அடித்து ரிக்கிடோசான் வீழ்த்தினார். கராத்தே வெட்டு என்று பெயர் பெற்ற இவ்வடி இவரது அடையாளமாகியது. தெருத் தொலைக்காட்சிகளின் முன் ஆயிரக்கணக்கானோர் கூடினர். படையெடுப்பில் தோற்று, வேற்று நாட்டு ஆட்சியின் கீழ் ஏழு ஆண்டுகள் இருந்து 1952 இல்தான் விடுபட்ட மக்களுக்கு இக்காட்சி பெரும் ஆறுதலாக அமைந்தது. மற்போரும் தொலைக்காட்சியும் ஒன்றையொன்று வளர்த்தன.

கிமுராவுடனான பட்டப் போட்டி

மசாஹிக்கோ கிமுரா போருக்கு முன்பே ஜப்பானின் தலைசிறந்த யூடோ வீரராகக் கருதப்பட்டவர். 1951 இல் பிரேசிலின் இரியோ டி செனீரோவில் எலியோ கிரேசியை வென்றவர். ஆயினும் சார்ப்பு சகோதரர்களுடனான தொடரில் தோற்கும் பங்கே பெரும்பாலும் இவருக்குத் தரப்பட்டது. இதனால் மனம் நொந்த கிமுரா, உண்மையான ஆட்டத்தில் ரிக்கிடோசானைத் தம்மால் வெல்ல முடியும் என்று செய்தியாளர்களிடம் கூறினார். இதன் விளைவாக ஜப்பான் மிகுஎடைப் பட்டத்துக்கான முதல் ஆட்டம் டிசம்பர் 22, 1954 அன்று குராமே கொக்குகிகானில் நடைபெற்றது.

ஆட்டம் தொடக்கத்தில் வழக்கமான பிடிகளுடன் அமைதியாகவே சென்றது. பதினைந்து நிமிடங்கள் நெருங்குகையில் கிமுராவின் கால் ரிக்கிடோசானின் அடிவயிற்றுப் பகுதியில் பட்டது. உடனே ரிக்கிடோசான் அடக்கமின்றித் தாக்கத் தொடங்கினார். கைவெட்டுகளும் உதைகளும் கிமுராவின் தலையிலும் கழுத்திலும் உண்மையான வலுவுடன் விழுந்தன. கிமுரா குருதி சிந்தி எழ முடியாமல் கிடந்தார். நடுவர் ரிக்கிடோசானை வெற்றியாளராக அறிவித்தார்.

ஆட்டத்தைச் சமநிலையில் முடித்து, அடுத்தடுத்த ஆட்டங்களில் மாறி மாறி வெல்வது என முன்பே உடன்பாடு இருந்ததாகவும், ரிக்கிடோசான் அதை மீறினார் என்றும் கிமுரா பின்னாளில் எழுதினார். கிமுராவே முதலில் விதியை மீறினார் என்பது ரிக்கிடோசான் தரப்பின் விளக்கமாகும். இரு கூற்றுகளில் எது சரி என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அறிவிக்கப்பட்ட மறுபோட்டி நடைபெறவே இல்லை. கிமுராவின் புகழ் மங்கியது. ரிக்கிடோசான் போட்டியற்ற தலைவரானார். அவரது வாழ்வில் மிகுந்த கண்டனத்துக்கு உள்ளான நிகழ்ச்சி இதுவேயாகும்.

ஆசியப் பட்டமும் இந்திய மல்லர்களும்

1955 நவம்பரில் டோக்கியோவில் ஆசியப் பட்டங்களுக்கான தொடர் ஒன்றை ரிக்கிடோசான் நடத்தினார். சிங்கப்பூரை மையமாகக் கொண்டு ஆடிவந்த மல்லர்கள் இதில் கலந்துகொண்டனர். அவர்களுள் முதன்மையானவர் கிங் காங் என்னும் களப்பெயர் கொண்ட எமில் சாயா. இவர் அன்றைய அங்கேரியில் பிறந்து, இந்தியா, மலாயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் பெரும்புகழ் பெற்றவர். தாரா சிங்குடன் இவர் மோதிய ஆட்டங்கள் தமிழரிடையேயும் நன்கு அறியப்பட்டவை. பஞ்சாபைச் சேர்ந்த டைகர் சோகிந்தர் சிங்கும் இத்தொடரில் ஆடினார்.

இரட்டையர் பிரிவின் இறுதி ஆட்டத்தில் கிங் காங், சோகிந்தர் இணை, ரிக்கிடோசான், ஹரால்டு சக்காட்டா இணையை வென்று முதல் அனைத்து ஆசிய இரட்டையர் பட்டத்தைப் பெற்றது. சக்காட்டா 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பளு தூக்குதலில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். 1964 இல் வெளிவந்த கோல்டுபிங்கர் திரைப்படத்தில் தொப்பியை ஆயுதமாக வீசும் அடியாளாக நடித்தவரும் இவரே.

நவம்பர் 22, 1955 அன்று நடைபெற்ற தனியர் ஆட்டத்தில் ரிக்கிடோசான் கிங் காங்கை வென்று அனைத்து ஆசிய மிகுஎடைப் பட்டத்தைப் பெற்றார். தம்மினும் மிகப் பருத்த ஒருவரை விரைவாலும் கைவெட்டாலும் தளரச் செய்து வீழ்த்தும் அமைப்பு இவ்வாட்டத்திலும் பின்பற்றப்பட்டது. மேலைநாட்டவரை மட்டுமன்றி ஆசியாவின் பெயர்பெற்ற மல்லர்களையும் வென்றவர் என்னும் தகுதியை இப்பட்டம் இவருக்கு அளித்தது. அன்று தொடங்கப்பட்ட ஆசிய இரட்டையர் பட்டம், ஜப்பானில் இன்றும் வழங்கப்படும் மற்போர்ப் பட்டங்களுள் மிகப் பழமையானதாகும்.

லூ தெசுவும் பன்னாட்டுப் பட்டமும்

உலகப் பட்டம் பெற்றிருந்த அமெரிக்கர் லூ தெசு, பிடிகளில் தேர்ந்தவராக மதிக்கப்பட்டவர். அக்டோபர் 7, 1957 அன்று டோக்கியோவின் கொராக்குயென் விளையாட்டரங்கில் ரிக்கிடோசான் இவரை எதிர்த்து ஆடினார். 60 நிமிடங்கள் முழுமையாக நடைபெற்ற இவ்வாட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. தொலைக்காட்சி வைத்திருந்தோரில் சுமார் 87 விழுக்காட்டினர் இதைக் கண்டதாகக் கணக்கிடப்பட்டது. உலகப் பட்டம் கிடைக்கவில்லை எனினும், உலகின் முதல்வருக்கு ஒரு மணி நேரம் ஈடுகொடுத்தவர் என்பதே பெரும் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது.

1958 ஆகத்தில் லாசு ஏஞ்சலசில் தெசுவை வென்று பன்னாட்டு மிகுஎடைப் பட்டத்தைப் பெற்றதாக ரிக்கிடோசான் அறிவிக்கப்பட்டார். இப்பட்டம் அதன்பின் ஜப்பானிய மற்போரின் மையப் பட்டமாகியது. 1989 இல் வேறு இரு பட்டங்களுடன் இது இணைக்கப்பட்டு, அனைத்து ஜப்பான் மற்போர் நிறுவனத்தின் முப்பட்டமாக மாற்றப்பட்டது.

1959 முதல் ஆண்டுதோறும் உலகத் தொடர் என்னும் போட்டியை இவர் நடத்தினார். 1963 வரை நடைபெற்ற ஐந்து தொடர்களிலும் இவரே வென்றார். 1962 மார்ச்சில் பிரெடி பிளாசியை லாசு ஏஞ்சலசில் வென்று அந்நகரை மையமாகக் கொண்ட உலகப் பட்டத்தைப் பெற்றார். அவ்வாண்டு ஏப்ரலில் பிளாசி எதிராளியின் நெற்றியைக் கடித்துக் குருதி சிந்த வைத்த காட்சி ஒளிபரப்பானபோது, அதைக் கண்ட முதியோர் சிலர் அதிர்ச்சியால் இறந்ததாக நாளிதழ்கள் செய்தி வெளியிட்டன. தொலைக்காட்சியில் வன்முறை குறித்த விவாதம் இதனால் எழுந்தது.

மே 24, 1963 அன்று முகமூடி அணிந்த அமெரிக்க மல்லர் டெசுட்ராயருடன் இவர் ஆடிய பட்டப் போட்டி மிகவும் பேசப்படுவதாகும். 4 என்ற எண்ணின் வடிவில் எதிராளியின் கால்களைப் பின்னிப் பூட்டும் பிடியே டெசுட்ராயரின் சிறப்பு. அப்பிடியில் சிக்கிய ரிக்கிடோசான் விட்டுக்கொடுக்கவில்லை. பிடித்தவராலும் பிடியை அவிழ்க்க இயலவில்லை. இறுதியில் ஆட்டம் சமநிலையாக அறிவிக்கப்பட்டது. இதன் பார்வையாளர் அளவு 64 விழுக்காடு என அளவிடப்பட்டது. ஜப்பானியத் தொலைக்காட்சி வரலாற்றில் மிக உயர்ந்த அளவுகளுள் இதுவும் ஒன்று.

மறைக்கப்பட்ட பிறப்பு

ரிக்கிடோசானின் புகழ், வெளிநாட்டவரை வெல்லும் ஜப்பானியர் என்னும் உருவத்தின் மீதே கட்டப்பட்டிருந்தது. அக்காலத்தில் ஜப்பானில் வாழ்ந்த கொரியர்கள் வேலைவாய்ப்பிலும் திருமணத்திலும் பெரும் பாகுபாட்டுக்கு ஆளாகியிருந்தனர். பிறப்பு வெளிப்பட்டால் தம் தொழிலே சரிந்துவிடும் என்று இவர் அஞ்சினார். இதழ்களும் பெரும்பாலும் இதைப் பற்றி எழுதாமல் இருந்தன. ஆனால் ஜப்பான் வாழ் கொரியர்கள் பலர் உண்மையை அறிந்திருந்தனர். தெருவில் கூடி ஆர்ப்பரித்த கூட்டத்தினிடையே நின்று, அவர்கள் வேறொரு காரணத்துக்காக மகிழ்ந்தனர்.

1963 சனவரியில் இவர் தென் கொரியாவுக்குச் சென்றார். அங்கு இவருக்குப் பெரும் வரவேற்பு அளிக்கப்பட்டது. வட, தென் கொரிய எல்லையில் உள்ள பன்முன்சொமுக்கும் இவர் சென்று வந்தார். இவர் பிறந்த ஊரும் உறவினரும் எல்லைக்கு அப்பால் இருந்தமையால் அங்குச் செல்ல முடியவில்லை. இப்பயணம் குறித்த செய்தி ஜப்பானில் பரவுவதை இவர் விரும்பவில்லை. இவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே இவரது பிறப்பு ஜப்பானில் பரவலாக அறியப்பட்டது. வட கொரியாவும் பிற்காலத்தில் இவரைத் தன் நாட்டின் வீரராகப் போற்றியது.

தொழிலும் மாணவர்களும்

மற்போரால் ஈட்டிய பொருளைக் கொண்டு ரிக்கிடோசான் அடுக்குமாடிக் குடியிருப்புகள், உணவகம் ஆகியவற்றை அமைத்தார். 1961 இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ரிக்கி விளையாட்டு மாளிகை என்னும் அரங்கைக் கட்டினார். நிகழ்ச்சி நடத்தும் தொழிலில் யாக்குசா எனப்படும் குற்றக் கும்பல்களின் தொடர்பு அன்று பரவலாக இருந்தது. ரிக்கிடோசானும் அதற்கு விலக்கல்லர்.

மாணவர்களை அடித்துப் பயிற்றுவிக்கும் கடுமையான ஆசிரியராக இவர் அறியப்பட்டார். 1960 இல் பிரேசிலில் சுற்றுப்பயணம் செய்தபோது, அங்குக் குடியேறியிருந்த ஜப்பானியக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தோனியோ இனோக்கியைக் கண்டு அழைத்துவந்தார். அதே காலத்தில் அடிபந்தாட்ட வீரராக இருந்த உயரமான சயண்ட் பாபாவும் சேர்ந்தார். இருவரும் செப்டம்பர் 30, 1960 அன்று ஒரே நாளில் களமிறங்கினர். கொரியாவிலிருந்து இவரைத் தேடி மறைவாகக் கடல் கடந்து வந்த கிம் இல் மற்றொரு மாணவர். இவர் கின்டாரோ ஓக்கி என்ற களப்பெயரில் புகழ்பெற்றார்.

இறப்பு

டிசம்பர் 8, 1963 இரவு டோக்கியோவின் அகசாக்கா பகுதியில் உள்ள நியூ லத்தீன் குவார்ட்டர் என்னும் இரவு விடுதியில் யாக்குசா கும்பலைச் சேர்ந்த இளைஞர் ஒருவருடன் ரிக்கிடோசானுக்குத் தகராறு ஏற்பட்டது. கழிவறை அருகே இடித்துக்கொண்டதில் தொடங்கிய சண்டையில் அவ்விளைஞர் இவரது வயிற்றில் கத்தியால் குத்தினார். காயம் முதலில் உயிருக்கு ஆபத்தானதாகத் தோன்றவில்லை. மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. பின்னர் வயிற்றறை உறையில் அழற்சி ஏற்பட்டது. டிசம்பர் 15 அன்று இரண்டாம் முறை அறுவை சிகிச்சை நடைபெற்றது. அன்றிரவே ரிக்கிடோசான் தம் 39 ஆம் அகவையில் இறந்தார். அவர் திருமணம் செய்துகொண்டு ஆறு மாதங்களே ஆகியிருந்தன. மருத்துவர் சொல்லை மீறி நீர் அருந்தியதே இறப்புக்குக் காரணம் என்னும் கதை நெடுநாள் வழங்கியது. அறுவையின்போது மயக்க மருந்து கொடுத்தலில் நேர்ந்த சிக்கலே காரணமாகலாம் என்று பிற்கால மருத்துவர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார். டோக்கியோவின் இக்கெகாமி ஹொன்மொன்சி கோயில் வளாகத்தில் இவரது கல்லறை உள்ளது.

பின்னாளைய மற்போர்

ரிக்கிடோசானின் சங்கம் 1973 இல் கலைந்தது. அதற்கு முன்பே 1972 இல் இனோக்கி புதிய ஜப்பான் மற்போர் நிறுவனத்தையும், பாபா அனைத்து ஜப்பான் மற்போர் நிறுவனத்தையும் தொடங்கியிருந்தனர். ரிக்கிடோசான் காலத்து ஆட்டம் தரையில் நின்று மோதும் மிகுஎடை ஆட்டமாகும். இன்று ஜப்பானிய மற்போரின் அடையாளமாகக் கருதப்படும் வான்வழி ஆட்டம் அவருக்குப் பின் வளர்ந்தது.

ஏப்ரல் 23, 1981 அன்று, ரிக்கிடோசான் சார்ப்பு சகோதரர்களையும் கிமுராவையும் எதிர்கொண்ட அதே குராமே கொக்குகிகானில், புலி முகமூடி அணிந்த சதோரு சயாமா என்னும் இளைஞர் டைகர் மாஸ்க் என்ற பெயரில் ஆங்கிலேயரான டைனமைட் கிட்டை வென்றார். கயிற்றின் மீதிருந்து பாய்தல், காற்றில் சுழன்று உதைத்தல், எதிராளியின் பிடியிலிருந்து குட்டிக்கரணமடித்து விடுபடுதல் ஆகியவை பார்வையாளரை வியப்பில் ஆழ்த்தின. சனவரி 1, 1982 அன்று இளநிலை மிகுஎடைப் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. எடை குறைந்தவர்களின் பட்டப் போட்டியும் முதன்மை ஆட்டமாகலாம் என்பதை இது மெய்ப்பித்தது. ரிக்கிடோசானின் மகன் மிட்சுவோ மொமொட்டாவும் மற்போர் வீரரானார். அவர் 1989 இல் அனைத்து ஜப்பான் நிறுவனத்தின் இளநிலை மிகுஎடைப் பட்டத்தை வென்றார்.

நடை மாறினாலும், சிறிய உடல் பெரிய உடலை எதிர்த்து நிற்பதும், அடிபட்டவர் பொறுத்திருந்து மீள்வதும் ரிக்கிடோசான் வகுத்த அமைப்பேயாகும். பட்டப் போட்டியை நாட்டு நிகழ்ச்சி போன்ற மதிப்புடன் நடத்தும் வழக்கமும் அவரிடமிருந்தே தொடங்கியது.

நினைவு

2004 இல் இவரது வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு கொரிய, ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்பில் ரிக்கிடோசான் என்னும் திரைப்படம் வெளிவந்தது. கொரிய நடிகர் சொல் கியொங்-கு இதில் ரிக்கிடோசானாக நடித்தார். 2017 இல் அமெரிக்காவின் உலக மற்போர் மகிழ்கலை நிறுவனம் தன் புகழவையில் இவரது பெயரைச் சேர்த்தது. ஜப்பான், தென் கொரியா, வட கொரியா ஆகிய மூன்று நாடுகளும் தம்மவராகக் கொண்டாடும் மிகச் சில விளையாட்டு வீரர்களுள் ரிக்கிடோசானும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.